ஏறிய ஒயில்

மொறிஸ் மைனர் காரோடு வந்த சின்னக் கைநூலில், எஞ்சின் ஒயிலை 3000 மைலுக்கு ஒருமுறை மாற்றும்படி அச்சடித்திருந்தது. எஞ்சினின் அடித்தொட்டியான சம்பில் ஆறரைப் பைந்து ஒயில் பிடிக்கும். இன்றைய கணக்கில் ஏறக்குறைய 3.7 லீற்றர். ஐயா அந்தக் கைநூலைச் சாமிப் படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருந்தார். ஆங்கிலம் வாசிக்கமாட்டார். இலக்கங்களும் படங்களும் அவருக்குப் போதும். யாழ்ப்பாணத்துச் சுன்னாகம் சந்தையடியில் வாடகைக்கு நின்ற கார்களில் எங்களுடையதும் ஒன்று. 948 சிசி எஞ்சின். அந்தக் காரில்தான் ஊரின் பாதிக் கல்யாணங்களும் பிள்ளைப்பேறுகளும் நடந்தேறின என்று அம்மா சொல்லுவா.

கைநூலில் இருந்த 3000ஐ ஐயா மதித்தார், ஆனால் அதன்படி நடந்தவரில்லை. விடிய முதல் வேலை ஒயில் பார்ப்பது. ஒயில் அளக்கும் கம்பியை உருவி, பழைய சாறத் துண்டால் துடைத்து, திரும்ப விட்டு எடுத்து, வெளிச்சத்துக்குப் பிடிப்பார். பிறகு பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் ஒரு சொட்டை வைத்து மெல்ல உரசுவார். கடைசியில் மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோவார். ஒயில் கறுத்திருக்கிறதே என்று யாரும் சொன்னால், "கறுத்தால்தானே அது வேலை செய்யுது. ஊத்தையைத் தூக்கி வைச்சிருக்கு. கையிலை சொரசொரப்புத் தட்டினால்தான் நாங்கள் பயப்பிட வேணும்" என்பார். ஒயிலில் கலந்திருக்கும் கழுவு மருந்து கரியைப் படியவிடாமல் சுமந்து திரிவதால்தான் அது கறுக்கிறது என்று பின்னாளில் நான் படித்து அறிந்தேன். அவருக்கு அது விரலால் தெரிந்திருந்தது.

அவர் மைலை எண்ணாமல் ஓட்டத்தை எண்ணினார். வவுனியா வரை ஒரே மூச்சில் ஓடிவந்தால் எஞ்சினுக்கு அது நல்லதென்று நினைப்பார். நன்றாகச் சூடேறினால் ஒயிலில் சேர்ந்த ஈரமும் பெற்றோலும் ஆவியாகிப் போய்விடும். இணுவிலுக்கும் மருதனார்மடத்துக்கும் போய்ப் போய் நிற்கிற குட்டி ஓட்டங்கள்தான் ஒயிலைக் கெடுக்கும். நல்லூர்த் திருவிழாவின் 25 நாளும் சனத்துக்குள் ஊர்ந்து திரிந்த பிறகு, மீற்றர் என்ன காட்டினாலும் சரி, தேர் தீர்த்தம் முடிந்த கிழமையே ஒயில் மாறும். செம்மண் புழுதி கிளம்பும் கோடையில் இன்னும் வேளைக்கு மாறும்.

மாற்றும் நாள் எனக்கு விருப்பமான நாள். கராச் என்றால் ஒரு புளியமரமும் நாலு தகரமும்தான். அங்கே இருந்த அண்ணை முதலில் காரை ஒரு சுற்று ஓடவைத்துச் சூடாக்குவார். ஒயில் இளகினால்தான் ஊத்தையையும் கூட்டிக்கொண்டு இறங்கும். பிறகு காருக்குக் கீழே படுத்து நட்டைக் கழற்றுவார். "பிள்ளை, உந்தத் தகரத்தை இஞ்சாலை தள்ளு" என்பார். கறுப்புக் கயிறாக விழுந்த ஒயில் மெலிந்து நூலாகி, பிறகு சொட்டாகி, நின்றும் நில்லாமலும் இருக்கும். ஐயா கடைசிச் சொட்டு வரை பொறுத்திருப்பார். அவசரப்பட்டு நட்டை முறுக்க யாரையும் விடமாட்டார்.

கழித்த ஒயிலில் ஒரு துளியும் வீணாகாது. அயலட்டையில் வீடு மேய்கிறவர்கள் சிரட்டையோடு வந்து நிற்பார்கள். கறையான் அரிக்காமல் கைமரத்துக்கும் வேலிக் கட்டையின் அடிக்கும் பூச, துலாவின் அச்சுக்குவிட, கிறீச்சிடும் படலைக்குத் தடவ என்று வாங்கிப் போவார்கள். கிணற்றடிப் பக்கம் மட்டும் அந்தத் தகரத்தைக் கொண்டுபோக அம்மா விடமாட்டா. அந்தக் கிணறுகளை நினைக்கையில் நெஞ்சு பொறுக்கவில்லை. பிந்திய காலத்தில் சுன்னாகத்துக் கிணறுகளில் மின்நிலையத்துக் கழிவெண்ணெய் கலந்து, வழக்கு உயர் நீதிமன்றம் வரை போய், 2019இல் தீர்ப்பும் வந்தது. நாங்கள் வாய் வைத்துக் குடித்த தண்ணீர் அது.

1990 ஆனியில் இராணுவத்துக்கும் புலிகளுக்கும் சண்டை திரும்பத் தொடங்கியதோடு எங்கள் கணக்கெல்லாம் மாறியது. மின்சாரம் நின்றது. பொருளாதாரத் தடை வந்தது. பெற்றோல், மருந்துப் போத்தலில் வைத்துப் பூட்டுகிற சாமானாகியது. மண்ணெண்ணெய் சங்கக்கடைப் பங்கீட்டு அட்டைக்கு அளந்து கிடைத்தது. வெளியில் அதன் விலை கேட்கவே பயம். வீட்டில் ஜாம் போத்தல் விளக்குக்கும் அதுதான், தோட்டத்தில் தண்ணீர் இறைக்கிற மெஷினுக்கும் அதுதான், காருக்கும் அதுதான்.

மண்ணெண்ணெயில் கார் ஓட்டும் வித்தை எங்கிருந்தோ வந்ததென்று ஆச்சரியப்படுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அது எங்கள் தோட்டக்காரரின் வித்தை. இறைப்பு மெஷினைப் பெற்றோலில் ஸ்ராட் பண்ணிச் சூடானதும் மண்ணெண்ணெய்க்குத் திருப்பும் பழக்கம் அவர்களுக்குப் பல காலமாக இருந்தது. புகையிலைக்கும் வெங்காயத்துக்கும் இறைத்த கைகள்தான் காருக்கும் வழி காட்டின. காபரேற்றருக்குள் சிறிஞ்சால் சில துளி பெற்றோல் விட்டு எஞ்சினைப் பிடிக்கவைத்து, பிறகு மண்ணெண்ணெயில் ஓடவிடுவார்கள். ரைமிங்கைக் கொஞ்சம் பின்தள்ளி வைப்பார்கள். பழைய இங்கிலாந்துக் கார்களின் எஞ்சின்கள் காற்றை ஏழெட்டு மடங்குதான் அமுக்கும். அதனால் மட்டமான எரிபொருளையும் தட்டிக்கொண்டாவது ஏற்றுக்கொண்டன. இனி ஓடாது, கண்டம் என்று கொட்டிலுக்குள் தள்ளிவைத்த மொறிஸ்களும் ஒஸ்ரின்களும் எழும்பி வெள்ளைப் புகை விட்டபடி தெருவுக்கு வந்தன.

அப்போதுதான் ஐயாவின் கம்பி ஒரு புதுமையைக் காட்டியது. ஓட ஓட ஒயில் குறைவதுதான் உலக வழக்கம். எங்கள் காரில் அது ஏறியது. மண்ணெண்ணெய் பெற்றோலைப் போல இலகுவில் ஆவியாகாது. எரியாமல் மிஞ்சியது சிலிண்டர்ச் சுவரிலிருந்த ஒயிலைக் கழுவிக்கொண்டு, பிஸ்ரன் றிங்குகளைத் தாண்டிச் சம்புக்குள் வடிந்து சேர்ந்தது. கம்பியில் ஒயில் கூடியிருக்கும், விரலில் வைத்தால் தண்ணீராக ஓடும், மணந்தால் விளக்கு மணக்கும். அப்படி மெலிந்த ஒயில் பெயறிங்கில் நின்றுபிடிக்காது. முறைப்படி பார்த்தால், 3000 மைலுக்கு மாற்றுகிற ஒயிலைச் சில நூறு மைலுக்குள்ளேயே மாற்றவேண்டும். ஆனால் மாற்றப் புது ஒயில் எங்கே? பெற்றோல் இல்லாவிட்டால் மண்ணெண்ணெய் என்று ஒரு பதில் இருந்தது. ஒயிலுக்கு அப்படி ஒன்று இருக்கவில்லை.

ஐயா ஒரு வழி செய்தார். கம்பி நுனியிலிருந்து ஒரு சொட்டைக் கடதாசியில் விட்டு ஒருநாள் காயவிடுவார். நடுவில் கரி வட்டம் நிற்கும். எரிபொருள் கலந்திருந்தால் அதற்கு வெளியே மங்கலாக இன்னொரு வளையம் படரும். வெளி வளையம் அகல அகல ஒயில் மெலிகிறது என்று பொருள். கடதாசியும் அருமையான காலம். பத்திரிகைகளே கோடு போட்ட கொப்பித் தாளில் வந்தன. என் பழைய கொப்பிகளின் ஓரங்களைக் கிழித்துக் கொடுப்பேன். ஒவ்வொரு துண்டிலும் திகதியும், அந்தக் கிழமை கார் போன இடங்களும் என் கையால் எழுதப்படும்: பெரியாஸ்பத்திரி, பண்டத்தரிப்பு, கிளாலி. கிளாலிக் கரை மணலில், வள்ளமேறிக் கடலேரி கடக்கிற ஆட்களையும் மூட்டைகளையும் ஏற்றிக்கொண்டு முக்கிப் போய்வந்த கிழமைகளில் வளையம் அகலமாக விழும். துண்டுகளைக் கடைக்காரர் பில்லுக் குத்துவது போல ஒரு கம்பியில் குத்தித் தொங்கவிட்டிருந்தார். ஒரு எஞ்சினின் உடம்பு வரலாறு முழுவதும் அதில் இருந்தது. எந்தக் கம்பனியின் கைநூலிலும் அப்படியொன்றை நான் கண்டதில்லை.

ஒருமுறை கராச் அண்ணையும் அவரும் வாதாடியது இப்போதும் காதில் கேட்கிறது.

"அண்ணை, இண்டைக்கே கழட்டுவம். உது ஒயில் இல்லை, தண்ணி."

"பொறு தம்பி. மேலை வீட்டுப் பிள்ளைக்கு இது மாசம். அந்த ஓட்டம் முடியட்டும், பிறகு பாப்பம்."

"அந்த ஓட்டத்துக்காகத்தான் சொல்லுறன். நடுச்சாமத்திலை றோட்டிலை நிண்டால் என்ன செய்வியள்? முடிஞ்ச பிறகு மாத்தி ஆருக்கு என்ன?"

ஐயா கன நேரம் பேசவில்லை. பிறகு வீட்டுக்கு வந்து, நெற்பெட்டிக்குப் பின்னால் சாக்கில் சுற்றி வைத்திருந்த, உடைக்காத ஒயில் தகரத்தை எடுத்துப் போனார். மேலை வீட்டு அக்காவுக்கு நோக் கண்டது ஒரு மழை இரவில். கார் ஒரு சத்தமும் போடாமல் பெரியாஸ்பத்திரி வரை போனது. எப்போது மாற்றுவது என்ற கேள்விக்கு அந்த இருவரும் கண்ட பதிலை நான் இன்றைக்கும் பெரிதாகவே மதிக்கிறேன். ஓடி முடிந்த தூரத்தை மட்டும் பார்த்து அவர்கள் முடிவெடுக்கவில்லை. இனி யாருக்காக ஓடவேண்டியிருக்கிறது என்பதையும் சேர்த்துப் பார்த்தார்கள்.

1995 ஒக்ரோபர் 30. இராணுவம் முன்னேறி வர, எங்கள் வலிகாமத்துச் சனம் முழுவதும் ஒரே இரவில் தென்மராட்சிப் பக்கம் நடந்தது. நாவற்குழிப் பாலத்தை நோக்கி முதலாம் கியரில் இரவிரவாக ஊர்ந்த எஞ்சினுக்குள் மெலிந்த ஒயில்தான் இருந்தது. கைதடி தாண்டியதும் அடியில் கடகடவென்று ஒரு சத்தம் தொடங்கியது. ஐயா அதைக் கேட்டார், எதுவும் சொல்லவில்லை. கார் எங்களைக் கொண்டுபோய்ச் சேர்த்தது. ஆனால் அந்த எஞ்சின் பிறகு எழும்பவில்லை. சுவரில் தொங்கிய கடதாசித் துண்டுகள் வீட்டோடு போயின. காரை வாங்கியவர் டட்சன் எஞ்சின் ஒன்றைப் பூட்டி ஓட்டியதாகக் கேள்வி. கராச் அண்ணை எந்தப் பக்கம் போனார் என்று ஐயா சாகும்வரை விசாரித்தார்.

இப்போது நான் ரொறன்ரோவில். இங்கே கார் தானே சொல்லுகிறது, ஒயிலின் ஆயுளில் இத்தனை வீதம் மிச்சம் என்று. எஞ்சின் எத்தனை முறை சுழன்றது, எவ்வளவு சூடேறியது என்று கணக்குப் போட்டுச் சொல்லும் முறை இது. 1980களின் பிற்பகுதியில் ஜெனரல் மோட்டர்ஸ் கொண்டுவந்தது. பெரும்பாலும் சரியாகவே சொல்லும். போன மாரியில், கடுங்குளிரில் கடைக்கும் வீட்டுக்குமாகக் குட்டி ஓட்டங்கள் ஓடிய பிறகு, ஒருநாள் கம்பியை உருவினேன். ஒயில் மேல் கோட்டைத் தாண்டி ஏறியிருந்தது. மணந்தேன், பெற்றோல். சிலிண்டருக்குள் நேரே எரிபொருளைப் பீச்சும் இந்தக் காலத்துச் சின்ன எஞ்சின்களில், சூடேறாத ஓட்டத்தில் இது நடக்கிறது. காரோ இன்னும் 40 வீதம் மிச்சம் என்றது. நான் அன்றைக்கே மாற்றினேன்.

தங்கச்சியின் மகன் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் ஹைபிரிட் கார் வாங்கியிருக்கிறான். கண்ணாடியில் அடுத்த மாற்றத்துக்கான கிலோமீற்றர் எழுதி ஒட்டியிருக்கிறார்களாம்: இன்னும் 5000. அது வர ஒரு வருசத்துக்கு மேல் செல்லும் பெரியம்மா, அதுவரைக்கும் விடலாமோ என்று போனில் கேட்டான்.

"நீ நெடுக எங்கை ஓடுறனி?"

"வீட்டிலை இருந்து நாச்சிமார் கோயிலடிக்கு. வேலைக்கு மட்டும்தான்."

"அப்ப கிலோமீற்றரைப் பாக்காதை. ஆறு மாசத்துக்கு ஒருக்கா மாத்து. இடைக்கிடை கிளிநொச்சி வரைக்கும் ஒரே ஓட்டமா ஓடிப்போட்டு வா. இனி எங்கையும் தூரப் பயணம் இருக்கோ?"

"மார்கழியிலை அம்மாவைக் கொழும்புக்குக் கண் காட்டக் கொண்டுபோக வேணும்."

"அதுக்கு முதல் கிழமை மாத்து" என்றேன்.