தொண்டைக்குத் தேய்மானம் உண்டா?

2022 ஏப்ரல் மாதம் ஒரு ராத்திரி நான் ஒரு சின்ன அல்பத்தனம் செய்தேன். செல்போனில் வந்த நாற்பது செகண்ட் வீடியோ ஒன்றைத் திருச்சியில் இருக்கும் என் பெரியம்மா பிள்ளைக்கு அனுப்பிவைத்து, ‘உங்காளு கதையைப் பார்த்தீங்களா அண்ணே? காலி டின்னைத் தார் ரோட்டில் இழுத்துக்கிட்டுப் போற மாதிரி இருக்கு!’ என்று ஒரு வரியும் எழுதினேன். கூடவே சிரிக்கிற பொம்மை மூன்று.

அண்ணன் பார்த்துவிட்டதற்கு அடையாளமாக நீல டிக் இரண்டு விழுந்தது. பதில் இல்லை. பாங்க் உத்தியோகம், வருஷக் கணக்கு முடித்த களைப்பாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு நான் நிம்மதியாகத் தூங்கிவிட்டேன்.

‘உங்காளு’ யார் என்று சொல்லவில்லையே! ஜான் பான் ஜோவி. அமெரிக்காவில் நியூ ஜெர்ஸிக்காரர். 1983-ல் ஆரம்பித்த ராக் கோஷ்டிக்குத் தன் பெயரையே வைத்துக்கொண்டவர். (நம் ஊர் பந்தல் கான்ட்ராக்டர்கள் மாதிரி.) ‘இங்கிலீஷ் பாட்டா, நமக்கெதுக்கு?’ என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். இதில் ஒரு கல்யாண ரிசப்ஷனும் வருகிறது.

என் அண்ணன் திங்கள் முதல் சனி வரை பாங்க் குமாஸ்தா. முகூர்த்த நாட்களில் மெல்லிசைக் குழுப் பாடகர். சில்க் சட்டை, கையில் தங்கக் கலர் வாட்ச். எஸ்.பி.பி. பாட்டை எடுத்தாரென்றால் பந்தியில் ரசம் ஊற்றுகிறவன் வாளியோடு வாசலில் நிற்பான். அப்படிப்பட்ட மனிதர் தன் பீரோவில் வேஷ்டிகளுக்கு அடியில் வைத்திருந்தது பான் ஜோவியின் ‘கிராஸ் ரோட்’ கேசட். 1994-ல் வந்த தொகுப்பு. மிட்டாய்க் கடைக்காரர் ரகசியமாக மிக்ஸர் வாங்கித் தின்பதைப் போல, அவர் ராத்திரி பதினோரு மணிக்கு வாக்மேனில் இதைக் கேட்பார்.

2000-ம் வருடம் கோடை லீவுக்குத் திருச்சி போயிருந்தேன். எனக்குப் பன்னிரண்டு வயசு. அந்த வருடம்தான் ‘இட்ஸ் மை லைஃப்’ பாட்டு வந்து டி.வி.யில் சக்கைப்போடு போட்டது. நான் சோபாவில் ஏறிக் குதித்துக்கொண்டிருந்தேன். அண்ணன் சிரித்துவிட்டு, “இது இருக்கட்டும்டா. பழசக் கேளு” என்று ஹெட்ஃபோனை என் காதில் மாட்டினார்.

அது ‘லிவிங் ஆன் எ ப்ரேயர்’. 1986-ல் வந்த ‘ஸ்லிப்பரி வென் வெட்’ ஆல்பத்துப் பாட்டு. பாடும்போது ஜானுக்கு வயசு இருபத்துநாலு. பாட்டின் கடைசியில் ஒரு வேலை செய்திருப்பார்கள். அதுவரை இருந்த சுருதியை விட்டு மொத்தப் பாட்டும் திடீரென்று மேலே தாவும். ஹார்மோனியத்தில் கறுப்பு வெள்ளை எல்லாம் சேர்த்து எண்ணினால் மூன்று கட்டை. ஏற்கெனவே உச்சாணிக் கொம்பில் நிற்கிற ஆள் அங்கிருந்து மொட்டை மாடிக்குக் குதிக்கிற மாதிரி. அண்ணன் அந்த இடம் வரும்போது கையை உயர்த்தி, “இப்பப் பாரு... இப்பப் பாரு...” என்பார். எனக்கு மயிர்க்கூச்செறியும். அந்த கேசட்டை அவர் எனக்கே கொடுத்துவிட்டார். பென்சில் விட்டுச் சுற்றிச் சுற்றி, டேப் நைந்து, ஜான் தண்ணீருக்குள்ளிருந்து பாடுவது மாதிரி ஆகும்வரை கேட்டேன்.

அப்படிப்பட்ட குரல்தான் அந்த 2022 வீடியோவில் அப்படி இருந்தது. அறுபது வயசு ஜான் அமெரிக்காவில் ஊர் ஊராகப் பாடிக்கொண்டிருந்தார். மேல் ஸ்தாயி வரவே இல்லை. பாதி வார்த்தையைப் பேசினார், பாதியை ஜனங்களிடம் விட்டுவிட்டார். உலகம் பூராவும் ரசிகர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். எங்கள் பி.காம். செட்டு நாலு பேரும் தீர்ப்பு எழுதிவிட்டோம். சிங்கப்பூரில் இருப்பவன், “ரிட்டயர் ஆகலாம்” என்றான். ஆடிட்டர், “ரிச்சி சாம்போரா 2013-ல் விலகினபோதே கடையைச் சாத்தியிருக்கணும்” என்றான். (கித்தார் வாசித்த சாம்போராதான் கூடவே பாடி அந்தப் பல்லவிகளைத் தூக்கிப் பிடித்தவர்.) நான் டின் ஜோக் அடித்தேன். அண்ணனுக்கும் அனுப்பினேன்.

இரண்டு வருடம் கழித்து, 2024 ஏப்ரலில், ‘தேங்க் யூ, குட்நைட்’ என்று நாலு பாகமாக ஒரு டாகுமெண்டரி வந்தது. எடுத்தவர் கோதம் சோப்ரா. டாக்டர் தீபக் சோப்ராவின் பிள்ளை. ஜானின் பெருமையைப் பாடுகிற படம் என்று நினைத்து முறுக்கோடு உட்கார்ந்தேன். பாதி முறுக்கு கையிலேயே இருந்தது.

குரல்நாண்கள் இரண்டு. நாம் பேசும்போதும் பாடும்போதும் அவை கைதட்டுகிற மாதிரி சேர்ந்து அதிர வேண்டும். ஜானுக்கு அதில் ஒன்று சுருங்கி, நலிந்துபோய்விட்டது. பலமான நாண் பலவீனமானதை இடித்துத் தள்ளிக்கொண்டே இருந்திருக்கிறது. இரண்டும் ஒட்டாதபோது நடுவில் காற்றுதான் போகும். சுருதி எங்கே நிற்கும்? 2022 ஜூனில் ஆபரேஷன். சரிந்த சுவருக்கு முட்டுக் கொடுக்கிற மாதிரி, நலிந்த நாணை நடுவுக்குத் தள்ளி நிறுத்தச் சின்னதாக ஒன்றை வெளிப்பக்கமாகச் செருகியிருக்கிறார்கள். அதற்கப்புறம் குழந்தைக்கு ‘ஸரிகம’ சொல்லிக்கொடுக்கிற மாதிரி தினமும் பயிற்சி. கோடிக் கணக்கில் கேசட் விற்ற மனுஷன் ஒரு பியானோ சத்தத்துக்கு ‘ஆ... ஆ...’ என்று இழுத்துப் பார்த்து, வராமல் முகம் சுண்டிப்போகிறார்.

அந்த டின் சத்தம் அவருக்கும் கேட்டிருக்கிறது. நமக்கெல்லாம் முன்னாலேயே கேட்டிருக்கிறது.

2024 ஜூன் 7-ம் தேதி ‘ஃபார்எவர்’ ஆல்பம் வெளிவந்தது. பன்னிரண்டு பாட்டு. எங்கள் செட்டு உடனே சபை கூடியது. முதல் தடவை கேட்டபோது, உண்மையைச் சொல்வதென்றால், எனக்குச் சப்பென்று இருந்தது. பாட்டெல்லாம் கீழ் ஸ்தாயியிலேயே நடமாடுகிறது. மாடிப்படி பக்கமே போவதில்லை. “மெஷின்ல போட்டு இஸ்திரி பண்ணியிருக்கான்” என்றான் சிங்கப்பூர்க்காரன். இருக்கலாம். சில இடங்களில் குரல் புது ஸ்டீல் டம்ளர் மாதிரி வழவழவென்றுதான் இருக்கிறது. எனக்கு அது பிடிக்கவில்லை, இப்போதும். ஆனால் ‘மை ஃபர்ஸ்ட் கிட்டார்’ என்று ஒரு பாட்டு இருக்கிறது. சின்ன வயசில் விற்றுவிட்ட முதல் கித்தார் பல வருடம் கழித்துத் திரும்பக் கிடைத்ததைப் பற்றியது. அதில் கரகரப்பை அப்படியே விட்டிருக்கிறார்கள். ‘கிஸ் தி ப்ரைட்’ மகள் கல்யாணத்தை நினைத்து எழுதியது. இருபத்துநாலு வயசுக் குரலில் இதைப் பாடினால் எவன் நம்புவான்?

நான் காமர்ஸ் படித்தவன். கல்லூரியில் தேய்மானக் கணக்கு என்று உயிரை வாங்குவார்கள். மெஷினரி வாங்கினால் வருஷா வருஷம் இவ்வளவு என்று கழித்துக்கொண்டே வர வேண்டும். கழிக்காமல் வாங்கின விலையிலேயே காட்டினால் அது பொய்க் கணக்கு. நாங்கள் நாலு பேரும் பண்ணியது அதைத்தான். எங்கள் தொப்பைக்கும் வழுக்கைக்கும் ஒழுங்காகத் தேய்மானம் எழுதிக்கொண்டோம். ஜானின் தொண்டையை மட்டும் 1986-ம் வருஷத்து விலையிலேயே பேரேட்டில் வைத்திருந்தோம்.

இதில் வெட்கக்கேடு என்னவென்றால், நம் ஊரில் இது ஒரு விஷயமே இல்லை. செம்மங்குடி தொண்ணூறு வயசுக்கு மேலும் பாடினார். முன்னால் உட்கார்ந்திருந்தவர்கள் இளமைக் குரலைத் தேடியா வந்தார்கள்? வித்வான்களுக்கு வயசாக வயசாகத் தம்பூராவில் சுருதியை இறக்கிக்கொள்வார்கள். சபையில் யாரும் எழுந்து ‘போன வருஷத்துக் கட்டை எங்கே?’ என்று கேட்பதில்லை. ராக் ரசிகன்தான் கேட்கிறான். அவனுக்கு வேண்டியது பாட்டா, சோபாவில் குதித்த பன்னிரண்டு வயசா என்பது அவனுக்கே தெரியாது. அடியேனைத்தான் சொல்கிறேன்.

2024 செப்டம்பரில் நாஷ்வில் ஊரில் ஒரு பாலத்தின் மேல் இந்த ஆல்பத்துப் பாட்டு ஒன்றுக்குப் படம் பிடிக்கப் போயிருக்கிறார் ஜான். கைப்பிடிக் கம்பிக்கு வெளியே ஒரு பெண், கீழே ஆறு. இவர் மெதுவாகப் பக்கத்தில் போய்ப் பேசிக்கொண்டே இருந்திருக்கிறார். அந்தப் பெண் திரும்பிக் கம்பிக்கு உள்ளே வந்தாள். போலீஸ் பகிரங்கமாக நன்றி சொன்னது. என்ன பேசினாரோ, அந்தக் குரலில் மேல் ஸ்தாயி இருந்திருக்காது.

அந்த வருடம் தீபாவளிக்குத் திருச்சி போனேன். காரில் ‘ஃபார்எவர்’ ஓடிக்கொண்டிருந்தது. அண்ணன் முன் சீட்டில் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டு வந்தார். “இறக்கிட்டான்” என்றார். குறையாகச் சொல்லவில்லை. புது வீட்டுக்குக் குடிபோனவரைப் பற்றிச் சொல்வது மாதிரி சொன்னார்.

“நீங்க இப்பக் கச்சேரிக்குப் போறதில்லையாண்ணே?” என்று கேட்டேன்.

அவர் வெளியே பார்த்தார். பின் சீட்டிலிருந்து அண்ணிதான் சொன்னார். 2022 பிப்ரவரியில் ஒரு ரிசப்ஷனில் மேல் ஸ்தாயியில் அண்ணனுக்குக் குரல் பிசிறி, பாட்டு பாதியில் நின்றுவிட்டதாம். எவனோ அதை செல்போனில் பிடித்துக் குடும்ப குரூப்பில் போட்டிருக்கிறான். ஆளாளுக்குச் சிரித்திருக்கிறார்கள். (நான் அந்த குரூப்பின் வாயை அடைத்து வைத்திருந்ததால் பார்க்கவில்லை.) தொண்டை டாக்டர் குரல்நாணில் சின்ன முடிச்சு என்று சொல்லி, ஒரு மாதம் வாயே திறக்கக் கூடாது என்று போர்டு மாட்டாத குறையாக அனுப்பிவிட்டார். சிலேட்டில் ‘காபி’ என்று எழுதிக் காட்டிக்கொண்டிருந்திருக்கிறார், ஒரு காலத்தில் ரசவாளியை நிறுத்திய மனிதர்.

“அப்பத்தான் தம்பி உங்க மெசேஜ் வந்துச்சு” என்றார் அண்ணி.

எனக்குக் காரை ஓரமாக நிறுத்தத் தோன்றியது. அண்ணன் சிரித்தார். “உங்காளுன்னு போட்டிருந்தே. வீடியோ அப்புறம்தான் திறந்துச்சு. மொதல்ல என்னையத்தான் சொல்றேன்னு நெனச்சுட்டேன்டா.”

மன்னிப்பை எந்த வார்த்தையில் ஆரம்பிப்பது என்று யோசிப்பதற்குள், “லெஃப்ட்ல ஒடி, டிராஃபிக்கு” என்றார். அவ்வளவுதான். அந்தப் பேச்சை இன்றுவரை அவர் எடுக்கவில்லை.

2025 தை மாதத்தில் அவர் மகள் கல்யாணம். ரிசப்ஷனில் அவருடைய பழைய குழுவே கச்சேரி. ஒன்பது மணிக்கு, மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர் விவரம் தெரியாமல் மைக்கை வாங்கி, “பொண்ணோட அப்பா ஒரு பாட்டுப் பாடணும்” என்று சொல்லிவிட்டார். மண்டபம் கைதட்டியது. அண்ணி முகத்தில் ஈயாடவில்லை. எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

அண்ணன் வேஷ்டியைச் சரிசெய்துகொண்டு மேடை ஏறினார். கீபோர்டுப் பையனிடம் குனிந்து, “ரெண்டு கட்டை இறக்கிக்கப்பா” என்றார். பையன் இறக்கினான். வாசித்துக் காட்டினான். அண்ணன் ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, “இன்னும் ஒண்ணு” என்றார்.

ஆரம்பித்தார். பழைய எஸ்.பி.பி. பாட்டுதான். எங்களுக்கெல்லாம் தெரிந்த பாட்டு, ஆனால் கீழே, மெதுவாக, யாரோ பக்கத்தில் உட்கார்ந்து சொல்வது மாதிரி. ஓர் இடத்தில் கொஞ்சம் பிசிறியது. அவர் நிற்கவில்லை. மணமேடையில் மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள், மை கலைந்துவிடப் போகிறதே என்று ஒரு விரலால்.

என்னையறியாமல் என் கை சட்டைப் பைக்குப் போய் செல்போனை எடுத்துவிட்டது. பக்கத்திலிருந்து என் சகதர்மிணியின் முழங்கை விலாவில் இறங்கியது.

“அத உள்ள வைங்க” என்றாள்.

வைத்துவிட்டேன்.