ஊசி காத்த உயிர்

கனடாவின் வடக்கே பாஃபின் தீவு. பிப்ரவரியில் குளிர் பூஜ்யத்துக்குக் கீழே 30 டிகிரிவரை இறங்குவது அங்கே சகஜம். அந்தக் குளிரில்தான் இனுவிட் வேடர்கள், உறைந்த கடல்மேல், சீல் மூச்சுவிட வரும் துவாரத்தருகே மணிக்கணக்காக அசையாமல் நிற்பார்கள். காலை மாற்றி வைத்தாலும் சத்தம் கேட்டு அது ஓடிவிடும்!

இவர்களைக் காப்பது எது தெரியுமா? வீட்டுப் பெண்களின் ஊசிதான். காரிபூ மான்தோலில் இரண்டு சட்டைகள்: உள்சட்டையின் ரோமம் உடம்பைப் பார்த்திருக்கும், மேல்சட்டையின் ரோமம் வெளியே பார்த்திருக்கும். ரோமத்துக்குள்ளும் காற்று, இரு சட்டைகளுக்கு நடுவிலும் காற்று. உடல் சூட்டைக் காவல் காப்பது அந்தக் காற்றே. நடையில் வியர்த்து உள்ளே நனைந்தால் ஆபத்து. ஆகவே சட்டை தொளதொளவென்றிருக்கும்.

தைக்கும் நூல், மானின் தசைநார். ஒரு தையல் விட்டால் குளிர் புகும். விரல் போகும், உயிரே போனாலும் போகும். வீட்டில் நுழையுமுன் சட்டையில் ஒட்டிய பனியைக் கோலால் தட்டிவிடுவார்கள். உருகி நனைந்தால் மறுநாள் உதவாதே!

இன்று அங்கும் கடைக் கோட்டுகள் வந்துவிட்டன. ஆனாலும் நெடுந்தூர வேட்டைக்கு மான்தோலையே நாடுவோர் உண்டு. சீலைக் கொண்டுவருபவன் புருஷன். அவனைத் திரும்பக் கொண்டுவருவது மனைவியின் தையல் அல்லவா?