உப்புக்கண்டமும் நுண்ணுயிர் நூலும்

குடவோலைக் கல்வெட்டுக்களாற் புகழ்பெற்ற உத்திரமேரூரைச் சூழ்ந்துள்ள சிற்றூர்களில், ஆட்டிறைச்சியை உப்பிட்டு உலர்த்திவைக்கும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. அதனை உப்புக்கண்டம் என்பர். கண்டம் என்பது துண்டு எனப் பொருள்படும். ஊனை உலர்த்திக் காத்தல் தமிழர்க்குப் புதியதன்று. மீனுணங்கலைப் பறவைகள் கவராவண்ணம் காவல் செய்யும் நெய்தல்நில மகளிரை நற்றிணையிற் காண்கின்றோம். இத்தொழிலின் முறையை யான் கற்றது எம் பாட்டியாரிடத்து. அதன் காரணத்தைக் கற்றது கல்லூரியில் நுண்ணுயிர் நூல் பயின்றபொழுது. இவ்விரண்டையும் ஒருங்கு வைத்துச் சில கூற விழைகின்றேன்.

பாட்டியாரை யாங்கள் ஆயா என்றழைப்போம். அவர் கொழுப்பு நீக்கிய தசையை விரற்பருமனுள்ள நீண்ட துண்டுகளாக அரிந்து, கல்லுப்பு, மஞ்சள், மிளகாய் ஆகியவற்றை அம்மியில் அரைத்துப் பூசி, ஓரிரவு சட்டியில் ஊறவிடுவார். மறுநாட் காலையில் ஊறிநின்ற நீரை வடித்துவிட்டுத் துண்டுகளை நூலிற் கோத்துக் கொடியில் தொங்கவிடுவார். ஈ மொய்க்காதிருக்க மெல்லிய வேட்டித்துணி மூடியிருக்கும். மாலையில் பனிபடாமல் உள்ளே எடுத்து, மறுநாள் மீண்டும் வெய்யிலில் இடுவார். வளைத்தால் வளையாது ஒடிதல் வேண்டும் என்பதே அவர் கொண்ட அளவுகோல். அதன்பின்னரே அது பானைக்குட் புகும்.

ஓராண்டு ஆடித் திருவிழாவில் வந்த கறிப்பங்கை ஆயா கண்டம் போட்டார். மூன்று நாட்கள் வானம் மூடியே இருந்தது, தூறலும் விட்டபாடில்லை. நான்காம் நாள் துண்டுகளைத் தொட்டால் கையில் பிசுபிசுத்தது. மாதம் ஒருமுறையேனும் கறி சமைத்தறியாத காலம் அது. ஆதலின் அதனை எறிந்துவிடுவது என்ற பேச்சே வீட்டாருக்குக் கசந்தது. அண்டை வீட்டு அம்மையார், “உப்புப் போட்ட கறிதானே அத்தை, நன்றாகக் கழுவிக் குழம்பில் கொதிக்கவிட்டால் சரியாய்ப் போகும்” என்றார். ஆயா, “உப்புப் பாதி, வெய்யில் பாதி அம்மா. ஒரு பாதி போனால் மற்றப் பாதியும் போயிற்று” என்று கூறி, நாய்கள் தோண்டாதபடி ஆழக் குழிவெட்டிச் சுண்ணாம்பு தூவி அவ்வளவையும் புதைத்துவிட்டார். சிறுவராகிய யாங்கள் அன்று ஆயாவைக் கொடியவர் என்றே எண்ணினோம்.

அவர் செய்தது எத்துணைச் சரியென்பதை நுண்ணுயிர் நூல் விளக்கிற்று. பச்சை இறைச்சியில் ஏறக்குறைய முக்காற்பங்கு நீர். அந்நீரே கிருமிகளுக்கு வாழ்விடம். உப்பு நீரை வெளியே இழுப்பதோடு, எஞ்சிய நீரையும் கிருமிகளுக்குப் பயன்படாவண்ணம் பிணித்துவைக்கின்றது. ஆயினும் உப்புக்கு அஞ்சாத கிருமியும் உண்டு. ஸ்டபிலோகாக்கஸ் என்பது நம் தோலிலும் மூக்கிலும் வாழ்வது. நூற்றுக்குப் பதினைந்து பங்கு உப்புள்ள நீரிலும் வளரவல்லது. பிற கிருமிகள் உப்பால் ஒடுங்கியவிடத்து இது தடையின்றிப் பெருகும். கொதிக்கவைத்தால் கிருமி மாளும். அது முன்னரே உமிழ்ந்த நஞ்சோ கொதிநீரிலும் அழியாது. ஆகவே அண்டை வீட்டாரின் குழம்பு நம்மைக் காத்திராது. அக்கிருமியை அடக்குவது முற்ற உலர்தல் ஒன்றே. அதுவே வெய்யிலின் பாதி.

மேனாட்டிலும் இத்தகைய பாடம் பெரும் விலைகொடுத்தே கற்கப்பட்டது. 1895ஆம் ஆண்டில் பெல்ஜியம் நாட்டு எல்லெசெல் என்னும் சிற்றூரில், இழவு வீட்டிற்கு வந்த இசைவாணர்கள் உப்பிட்ட பன்றித்தொடையை உண்டு நோயுற்றனர், மூவர் இறந்தனர். வான் எர்மெங்கம் என்னும் பேராசிரியர் அவ்விறைச்சியினின்று காற்றில்லாவிடத்து வளரும் ஒரு கிருமியைப் பிரித்தெடுத்தார். இன்று அதனைக் கிளாஸ்டிரிடியம் பொட்டுலினம் என்பர். இலத்தீன் மொழியில் பொட்டுலஸ் என்பது இறைச்சியடைத்த குடலைக் குறிக்கும். அத்தகைய பண்டத்தின் உள்ளே ஈரமுண்டு, காற்றில்லை. அக்கிருமிக்கு அதனினும் வாய்ப்பான இடம் யாது? இறைச்சியிற் சேர்க்கப்பட்ட வெடியுப்பும், பின்னர் அதனினும் விரைந்து வினைபுரியும் நைட்ரைட்டும் அதனைத் தடுக்க வல்லன. 1925இல் அமெரிக்க அரசு நைட்ரைட்டுக்கு இசைவளித்தது. அரைத்த இறைச்சியில் கிலோவுக்கு 156 மில்லிகிராம் வரையே சேர்க்கலாம் என்பது அந்நாட்டு விதி.

எனினும் நைட்ரைட்டு இருபுறமும் கூருடைய வாள். மிகுந்தால் குருதி பிராணவாயுவைச் சுமக்கும் ஆற்றலை இழக்கும். இறைச்சியின் புரதப்பொருள்களோடு கூடிப் புற்றுநோய் விளைக்கும் பொருள்களாகவும் அது மாறக்கூடும். பதனிட்ட இறைச்சி பெருங்குடற் புற்றுநோய்க்குக் காரணமாவதென்று உலகச் சுகாதார நிறுவனத்தைச் சார்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2015இல் வகுத்தது. அவ்வகுப்பில் உப்பிட்டு உலர்த்தியதும் அடங்குமாதலின், உப்புக்கண்டத்தையும் நாடோறும் உண்ணத் தகாது.

மருந்திட்டதெல்லாம் நஞ்சென்பாரும், பழையதெல்லாம் நன்றென்பாரும் இன்று நம்மிடையே உளர். இருவர் கூற்றும் பொருந்தா. ஈரமுள்ள இறைச்சிக்கு அளவறிந்து இட்ட நைட்ரைட்டு உயிர்க்காவல். முற்ற உலர்ந்த கண்டத்திற்கு அது வேண்டுவதேயில்லை. அஞ்சத்தக்கது இவ்விரண்டுக்கும் இடைப்பட்டதே. உப்பைக் குறைத்து, இரண்டு நாள் மின்விசிறிக் காற்றில் வைத்து, அரைகுறை ஈரத்தோடு பாலிதீன் பையிற் கட்டி விற்கும் கண்டத்திற்கு உப்பின் காவலுமில்லை, வெய்யிலின் காவலுமில்லை.

ஆதலின், சிற்றூர்களினின்று வந்து அறிவியல் பயிலும் மாணவ நண்பர்காள்! விடுமுறையில் ஊர் செல்லுங்கால் ஒரு தராசையும் உடன்கொண்டு செல்லுங்கள். இறைச்சியையும் உப்பையும் நிறுத்துக் குறியுங்கள். உலர்ந்தபின் எத்துணை எடை குறைந்ததென்று மீண்டும் நிறுத்துப் பாருங்கள். முதியோர் கையாற் கண்ட அளவை எண்ணால் எழுதிவைப்போமாயின், அவர் காலத்திற்குப் பின்னும் அக்காவல் நம் வீடுகளில் நிலைத்திருக்கும்.