ஆண்டுக்கு ஒரு நூல்

புத்தாண்டு பிறப்பதற்குப் பல மாதங்களுக்கு முன்பே, ஆடிப்பெருக்கு நாளில், வரும் ஆண்டுக்குரிய நாட்காட்டி மாதிரிகள் சிவகாசியில் வெளியிடப்படுகின்றன. அவற்றைத் தொடர்ந்து நாட்குறிப்பேடுகள் அச்சேறுகின்றன. பிறர் தங்கள் புத்தாண்டுத் தீர்மானங்களை எழுதிவைக்கும் தாள்களை உருவாக்கி அனுப்பும் மண்ணில் நாம் வாழ்கின்றோம். அண்மைக் காலமாக அத்தாள்களில் ஒரு புதிய தீர்மானமும் இடம்பெறுகிறது. இவ்வாண்டு ஐம்பது நூல்கள் படித்து முடிப்பேன் என்று நம் இளைஞர் எழுதுகின்றனர். மாவட்ட நிர்வாகம் 2022இல் விருதுநகரில் புத்தகத் திருவிழாவைத் தொடங்கிய பின் இவ்வார்வம் வளர்ந்திருப்பதாகவே நமக்குத் தோன்றுகிறது. என்ன படிக்கலாம் என்று நண்பர்கள் பட்டியல்களைப் பரிமாறிக்கொள்கின்றனர். மகிழ வேண்டிய செய்திதான்.

ஆயினும் அந்த எண்ணிக்கை நம்மை உறுத்துகிறது. எண்ணிக்கையால் அளக்கப்படும் வாழ்வு எத்தகையது என்பதை இவ்வட்டார மக்களுக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. பட்டாசுக்குக் காகிதக் குழல் உருட்டும் பெண்ணுக்கு உருட்டிய குழல்களின் எண்ணிக்கைக்கு ஏற்பக் கூலி. கை விரைந்தால் கூலி உயரும். அவள் என்ன நினைத்தபடி உருட்டினாள் என்று எந்தக் கணக்கரும் கேட்பதில்லை. சென்ற டிசம்பரில் ஓர் இளைஞர் நம்மிடம் வந்து, "நூறு பக்கத்துக்குள்ள முடியுற புத்தகம் ஏதாச்சும் இருந்தாக் குடுங்க சாமி, இன்னும் ஆறு பாக்கி இருக்கு" என்றார். கொடுத்தனுப்பினோம். வாசிப்பும் உருப்படிக் கூலியாகிவிட்டதோ என்ற ஐயம் மட்டும் நம்மிடம் தங்கிவிட்டது.

ஆண்டுதோறும் வாசிப்புக்கு ஓர் இலக்கு வைப்பது திருச்சபைக்குப் புதிதன்று. ஆறாம் நூற்றாண்டில் புனித ஆசீர்வாதப்பர் தம் துறவியருக்கு வகுத்த ஒழுங்கின் 48ஆம் அதிகாரத்தில் அது காணப்படுகிறது. தவக்காலத் தொடக்கத்தில் ஒவ்வொரு துறவிக்கும் நூலகத்திலிருந்து ஒரு நூல் தரப்பட வேண்டும். அவர் அதனை முதலிலிருந்து இறுதிவரை இடைவிடாது படிக்க வேண்டும். ஒன்றே ஒன்று! அந்நூல் திருவிவிலியத்தின் ஒரு பகுதியே எனக் கருதும் ஆய்வாளரும் உண்டு. பதினோராம் நூற்றாண்டில் கேன்டர்பரி பேராயராயிருந்த லான்பிராங்கு இவ்வழக்கத்தை மேலும் விரிவாக ஒழுங்குபடுத்தினார். தவக்காலத் தொடக்கத்தில் ஒரு நாள், நூல்களெல்லாம் கம்பளத்தின்மேல் பரப்பப்படும். யார் யாருக்குச் சென்ற ஆண்டு எந்நூல் வழங்கப்பட்டது என்பது உரக்க வாசிக்கப்படும். ஒவ்வொருவரும் பழைய நூலைத் திருப்பித் தந்து புதியதைப் பெறுவர். படித்து முடிக்காதவர் அனைவர் முன்னிலையிலும் முகங்குப்புற விழுந்து மன்னிப்புக் கோர வேண்டும். இன்று நம் குருக்களின் இல்லங்களில் இதனை நடைமுறைப்படுத்தினால் கூடத்தில் இடம் போதாது.

இதற்கு நேர்மாறாகப் பேசுவதுபோல் தோன்றுகிறது மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2024 ஜூலை 17 அன்று இலக்கிய வாசிப்பைப் பற்றி எழுதிய மடல். குருத்துவப் பயிற்சியை மனத்திற்கொண்டு தொடங்கி, பின்பு அதனை இறைமக்கள் அனைவருக்கும் உரியதாக விரித்தார் அவர். கடமைக்காகப் படிப்பதால் பயனில்லை என்பது அவர் கருத்து. 1964, 1965ஆம் ஆண்டுகளில் அர்ஜென்டினாவின் சாந்தா ஃபே நகரில் இயேசு சபைப் பள்ளியொன்றில் அவர் இலக்கிய ஆசிரியர். பாடத்திட்டத்திலிருந்த பழங்காப்பியத்தில் மாணவருக்கு நாட்டமில்லை. அதனை வீட்டில் படித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, வகுப்பில் அவர்கள் விரும்பிய எழுத்தாளர்களை எடுத்துக்கொண்டார்.

ஒருவர் மடாதிபதியின் கையால் நூலை வழங்கச் செய்கிறார். மற்றவர் உள்ளம் நாடுவதைத் தேடச் சொல்கிறார். இரண்டிற்கும் இடையே நிற்பவர் நண்பர் என்பது நம் எண்ணம். நண்பர் தரும் நூல் நாமே தேர்ந்ததன்று. ஆனால் நம்மை அறிந்த ஒருவரால் தேர்ந்தெடுக்கப்பட்டது.

புனித அகுஸ்தினாரின் வாழ்வில் இது நிகழ்ந்தது. 386ஆம் ஆண்டு மிலான் நகரில், குழந்தையின் குரல் கேட்டுத் திருமுகத்தைத் திறந்து வாசித்த நிகழ்ச்சியை அறியாதவர் இல்லை. அதற்குச் சற்று முன்னர் வந்து சென்ற பொந்தீசியானு என்பவர் மறையுரைகளில் அவ்வளவாக இடம்பெறுவதில்லை. அரசவையில் பணியாற்றிய அவர், விளையாட்டு மேசைமேல் கிடந்த நூலை எடுத்துப் பார்த்தார். பவுலடியாரின் திருமுகங்கள் அவை என்று கண்டு மகிழ்ந்தார். பேச்சு வனத்து அந்தோனியாரைப் பற்றித் திரும்பியது. அகுஸ்தினாரும் அவர் நண்பர் ஆலிப்பியுவும் அப்பெயரையே அதுவரை கேட்டதில்லை. திரியர் நகரில் அரச அலுவலர் இருவர் ஒரு குடிலில் அந்தோனியாரின் வரலாற்று நூலைக் கண்டு, வாசித்த இடத்திலேயே பதவியைத் துறந்ததையும் பொந்தீசியானு எடுத்துரைத்தார். அகுஸ்தினாரின் உள்ளத்தில் போராட்டம் முற்றியது அதன் பின்னரே.

நம் பங்கில் அன்பிய நண்பர் சிலர் தவக்காலத்தில் நூல் மாற்றிக்கொள்ளும் வழக்கத்தைத் தொடங்கியபோது இவற்றையெல்லாம் எண்ணிப் பார்த்தோம். பதினொரு பேர்: ஆசிரியர்கள், அருட்சகோதரியர் இருவர், அச்சக ஊழியர் ஒருவர், பட்டாசுத் தொழிலாளி ஒருவர், பிறர். விபூதிப் புதனை அடுத்த வெள்ளியன்று, ஒவ்வொருவரும் இன்னொருவருக்கென ஒரு நூல் கொண்டுவர வேண்டும். "இதை ஏன் உங்களுக்குத் தருகிறேன்" என்பதை இரண்டு மூன்று வாக்கியங்களில் சொல்ல வேண்டும். அவ்வளவே ஒழுங்கு. வீட்டுக்கு ஒரு பிடி அரிசி சேர்த்து 1889இல் பள்ளி கண்ட ஊர் விருதுநகர். ஒரு நாளைக்கு ஒரு பிடி பக்கங்கள் போதும் என்று அவர்களுக்குக் கூறினோம்.

அப்பட்டாசுத் தொழிலாளிக்கு அச்சக ஊழியர் தந்தது கி. ராஜநாராயணனின் "கோபல்ல கிராமம்". 1976இல் வெளிவந்த புதினம். "உங்க அப்பாவும் முள்ளு வெட்டித்தான் காடு திருத்தினாரு, இதுலயும் அப்படித்தான்" என்று காரணம் கூறினார். பெற்றவர் ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். குழல் உருட்ட வரும் பழைய தாள்களில் கிழிந்த பாடநூல் பக்கங்களைக் கண்டால் படித்துவிட்டே உருட்டுவாராம். இரவுதோறும் சில பக்கங்களை மனைவிக்கு உரக்க வாசித்தார். அவருக்கு எழுத்துக் கூட்டவும் வராது.

அவ்வாண்டுக் கோடையில், வெப்பம் மிகுந்த ஒரு முற்பகலில், மருந்துக் கலவை அறையில் வெடிவிபத்து நேர்ந்தது. நான்காம் நாள் மருத்துவமனையில் அவர் இறந்தார்.

முப்பதாம் நாள் திருப்பலி முடிந்து, அவர் மனைவி நூலோடு வந்தார். திருப்பித் தரவே வந்திருக்கிறார் என்று எண்ணிக் கைநீட்டினோம். அவர் கொடுக்கவில்லை. உள்ளே அடையாளமாக ஒரு தீப்பெட்டிச் சீட்டு இருந்தது. "இதுக்கு மேல என்ன ஆச்சுன்னு யாராச்சும் படிச்சுச் சொல்லுவாங்களா சாமி?" என்றார். ஆறுதலுக்கென நாம் ஆயத்தம் செய்து வைத்திருந்த சொற்கள் எவற்றையும் அவர் கேட்கவில்லை. கதையின் மீதியைக் கேட்டார்.

அச்சக ஊழியரின் மகள், பதினோராம் வகுப்பு மாணவி, வாரத்தில் இரு மாலைகள் அவர் வீட்டுக்குச் சென்று படித்தாள். அம்மையார் இடையிடையே நிறுத்தி, முன்னே வந்தவர்களைப் பற்றி விளக்கம் சொல்வாராம். அப்பகுதிகளை அம்மாணவி படித்திருக்கவில்லை. திருவருகைக் காலத்திற்குள் நூல் முடிந்தது.

இத்தவக்காலத்தில் அவரும் வந்து அமர்ந்தார். தன்முறை வந்தபோது அதே நூலை எடுத்து, அதே விபத்தில் கணவரை இழந்த மற்றொரு பெண்ணுக்குத் தருவதாகக் கூறினார். அப்பெண் நம் மறையைச் சேர்ந்தவர் அல்லர், கூட்டத்திற்கும் வரவில்லை. காரணம் கேட்டோம். "சாயங்காலம் யாராச்சும் வீட்டுக்கு வந்து போவாங்கல்ல" என்றார்.

நூல் இப்போது அவ்வீட்டில் இருக்கிறது. பொதுத்தேர்வு முடிந்ததும் தொடர்ந்து படிப்பதாக அம்மாணவி கூறியுள்ளாள். தீப்பெட்டிச் சீட்டு இன்னும் நாற்பதாம் பக்கத்தைத் தாண்டவில்லை.