காலியிடம்

நம்முடைய நாவல்களில் வரும் டாக்டர்கள் எல்லோரும் மிகவும் ஒழுங்கானவர்கள். கதாநாயகிக்கு மயக்கம் வந்த இரண்டாவது வரியில் வாசலில் வந்து நிற்பார்கள். கையில் பெட்டி இருக்கும். பெட்டிக்குள் வேண்டிய மருந்தும் இருக்கும். நாடி பிடித்துப் பார்த்து, "பயப்பட ஒன்றுமில்லை" என்று சொல்லிவிட்டு, அடுத்த அத்தியாயத்துக்கு வழி விட்டு ஒதுங்கிக்கொள்வார்கள். அவர்களை யார் நியமித்தார்கள், சம்பளம் ஒழுங்காக வருகிறதா, குழந்தைகள் எந்தப் பள்ளிக்கூடத்தில் படிக்கின்றன என்றெல்லாம் வாசகர் கேட்பதில்லை. கதைக்கு அது வேண்டியதும் இல்லை.

ஆனால் ஊருக்கு வேண்டியிருக்கிறது. ஒரு டாக்டரோ நர்ஸோ ஒரு கிராமத்து வாசலில் வந்து நிற்பதற்கு முன்னால் எத்தனை காகிதங்கள் எத்தனை மேஜைகளைக் கடந்து வரவேண்டும் என்பதை எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் ஒரு நண்பர். சுகாதார இலாகாவின் அலுவலகம் ஒன்றில் முப்பது வருஷம் குமாஸ்தாவாகவும் பிறகு சூப்பரின்டென்டாகவும் இருந்து ஓய்வு பெற்றவர். நியமனம், மாறுதல், லீவு, பென்ஷன் ஆகிய நான்கு கட்டுகளுக்கு நடுவிலேயே அவருடைய வாழ்க்கை கழிந்தது. சொந்த ஊர் ஒடுகத்தூர்ப் பக்கம்.

ஒடுகத்தூரைத் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. வேலூர் மாவட்டத்தில் ஜவ்வாது மலையின் அடிவாரத்தில் இருக்கும் சின்னப் பேரூர் அது. வெள்ளிக்கிழமை தோறும் அங்கே ஆட்டுச் சந்தை கூடும். தலைக்கு மேலே பீஞ்சமந்தை, ஜார்தான்கொல்லை, பாலாம்பட்டு என்று மலை ஊராட்சிகள் இருக்கின்றன. அவற்றைச் சுற்றிச் சிறு சிறு குக்கிராமங்கள். மலையாளி என்னும் பழங்குடி மக்கள் சாமையும் கேழ்வரகும் விதைத்து, ஆடு மாடு வளர்த்து அங்கே வாழ்கிறார்கள். பெயரைக் கேட்டு அவர்களைக் கேரளத்துக்காரர்கள் என்று எண்ணிவிடக் கூடாது, பேசுவது தமிழ்தான். மலையை ஆள்கிறவர்கள் என்று அவர்களே தங்கள் பெயருக்குப் பொருள் சொல்லுவார்கள்.

2023-ஆம் வருஷம் மே மாதம் இந்த மலைப்பக்கத்து ஊர் ஒன்றின் பெயர் தமிழ்நாட்டுப் பத்திரிகைகள் எல்லாவற்றிலும் வந்தது. அல்லேரி மலையிலுள்ள அத்திமரத்துக்கொல்லையில் ஒன்றரை வயதுக் குழந்தை ஒன்றைப் பாம்பு தீண்டிவிட்டது. அணைக்கட்டு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். போய்ச் சேர்வதற்குள் உயிர் போய்விட்டது. பிரேதப் பரிசோதனை முடிந்து திரும்பும்போது, பாதை இல்லாத இடத்தில் ஆம்புலன்ஸ் நின்றுவிட்டது. தாய் அந்தக் குழந்தையைக் கையில் ஏந்திக்கொண்டு மலை ஏறினாள்.

அதைப் படித்தவர்கள் எல்லோரும் ரஸ்தா வேண்டும் என்றார்கள். வேண்டியதுதான், முதலில் வேண்டியதே அதுதான். ஆனால் நண்பர் வேறொன்றைக் கேட்டார். "ரஸ்தா போட்டுவிடலாம் ஸார். ரஸ்தா முடிகிற இடத்தில் ராத்திரி இரண்டு மணிக்கு யார் இருப்பார்கள்?"

யோசித்துப் பார்த்தால் அது சாதாரணக் கேள்வி அல்ல. பாம்புக்கடிக்கு மருந்து உண்டு. குப்பியில் அடைத்து வைத்திருக்கிறார்கள். ஆனால் குப்பி தானாக நரம்பில் ஏறாது. ஏற்றத் தெரிந்த கை வேண்டும். ஏற்றிய பிறகு உடம்பு தடித்து மூச்சு முட்டினால், கலங்காமல் சமாளிக்கத் தெரிந்த ஆளும் வேண்டும். கட்டடம், மருந்து, வண்டி எல்லாவற்றையும் பணம் கொடுத்து வாங்கிவிடலாம். ஆளை மட்டும் அப்படி வாங்க முடிவதில்லை.

"சர்க்காரில் முதலில் ஆளை எடுப்பதில்லை ஸார், நாற்காலியை எடுப்பார்கள்" என்று நண்பர் விளக்க ஆரம்பித்தார். நாற்காலி என்று அவர் சொன்னது பணியிடத்தை. சமவெளியில் 30,000 பேருக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம். மலையிலும் பழங்குடிப் பகுதியிலும் 20,000 பேருக்கு ஒன்று. துணை நிலையமானால் சமவெளியில் 5,000 பேருக்கு, மலையில் 3,000 பேருக்கு. கணக்குப் பார்த்து அரசாணை போடுவார்கள். நிதி இலாகா சம்மதிக்க வேண்டும். பிறகு எத்தனை காலி என்று மாவட்டங்களிலிருந்து பட்டியல் வர வேண்டும். இனச் சுழற்சி பார்க்க வேண்டும். அறிவிப்பு, பரீட்சை, சான்றிதழ் சரிபார்ப்பு, கலந்தாய்வு, நியமன உத்தரவு, வேலையில் சேர அவகாசம். நடுவில் யாராவது கோர்ட்டுக்குப் போனால், அந்தக் கட்டு அலமாரியில் ஏறி உட்கார்ந்துகொள்ளும்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு நம் சர்க்காரைப் பரிகாசம் செய்வது சுலபம். நான் செய்ய மாட்டேன். ஏனென்றால் இந்த விஷயத்தில் தமிழ்நாடு மற்றவர்களுக்கு முன்னால் நடந்த ராஜ்யம். 1939-இல் பொதுச் சுகாதாரத்துக்கென்று தனிச் சட்டம் இயற்றியது சென்னை மாகாணம்; இந்தியாவில் அதுதான் முதல். சுதந்திரத்துக்குப் பிறகு பல மாநிலங்கள் வைத்தியத்தையும் பொதுச் சுகாதாரத்தையும் ஒரே இலாகாவாகக் கலந்துவிட்டன. இங்கே தனி இயக்ககமும், அதற்கென்று படித்த அதிகாரிகளும் நிலைத்தார்கள். காய்ச்சல் வந்தவனுக்கு மருந்து கொடுப்பது ஒரு வேலை; காய்ச்சல் வராமல் ஊரைக் காப்பது வேறு வேலை என்பது இவர்களுக்குத் தெரிந்திருந்தது. 2012 ஜனவரியில் மருத்துவப் பணியாளர்களைத் தேர்ந்தெடுக்க மட்டும் தனியாக ஒரு வாரியம் அமைத்தார்கள். எம்.ஆர்.பி. என்று எல்லோரும் சொல்லும் அந்த வாரியமும் நாட்டில் முதலாவதுதான்.

ஆகவே ஆள் எடுக்கத் தெரியாது என்று சொல்ல முடியாது. எடுத்த ஆள் மலையில் தங்குவதில்லை என்பதுதான் சங்கடம்.

ஏன் தங்குவதில்லை? நண்பர் ஒரு சூட்சுமத்தைக் காட்டினார். கலந்தாய்வில் முதல் மார்க் வாங்கியவரை முதலில் கூப்பிடுவார்கள். அவர் தம் ஊருக்குப் பக்கத்தில் ஓர் இடத்தை எடுத்துக்கொள்வார். இரண்டாமவர் பஸ் நிற்கும் ஊரை எடுப்பார். இப்படி ஒவ்வொன்றாகக் கரைந்து, கடைசியில் மலை மிஞ்சும். வேறு வழி இல்லாதவர் அதை எடுப்பார். பரீட்சை எழுதியவர்களுக்கு இதைவிட நியாயமான முறை கிடையாது, சிபாரிசுக்கு இடமில்லை. ஆனால் மலையின் பக்கத்திலிருந்து பாருங்கள். அதற்கு வருகிறவர் எப்போதும் அதை விரும்பாதவர். சேர்ந்த அன்றே மாறுதல் மனு எழுதத் தொடங்குகிறவர்.

மனு பலிக்காவிட்டால் 'மாற்றுப் பணி' என்று ஒன்று உண்டு. சம்பளம் மலைப் பணியிடத்தில். வேலை கீழே வேறோர் இடத்தில். "ரிஜிஸ்தரில் பார்த்தால் மலையில் ஆள் இருக்கும் ஸார். மலையில் போய்ப் பார்த்தால் ரிஜிஸ்தர் இருக்கும்" என்று சொல்லி நண்பர் சிரித்தார். அந்தச் சிரிப்பில் சந்தோஷம் இல்லை.

போக மறுக்கிறவர்களை நான் குற்றம் சொல்லத் தயாராக இல்லை. இருபத்தாறு வயதுப் பெண் ஒருத்தியை, தாழ்ப்பாள் சரியாக விழாத குவார்ட்டர்ஸில் தனியாக இரு என்று சொல்லுவது, பட்டணத்தில் மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்திருக்கும் நமக்குச் சுலபம். நம் வீட்டுப் பெண்ணை அனுப்புவோமா என்று கேட்டுக்கொண்டால் பதில் தெரிந்துவிடும்.

என் அக்காள் மகள் ஒருத்தி நர்ஸ். வேறொரு மாவட்டத்தில் ஒப்பந்த வேலை. ஒரு சமயம் வந்திருந்தபோது, "வேலை பார்க்கும் ஊரிலேயே வீடு பார்த்துக் குடியேறிவிடேன்" என்றேன்.

"எப்படி மாமா? பதினோராவது மாசம் வந்தாலே வயிற்றில் புளி கரைக்கிறது. அடுத்த வருஷம் நான் எங்கே இருப்பேன் என்று எனக்கே தெரியாது. பாலுக்குச் சொல்லி வைப்பேனா, பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பேனா?" என்றாள்.

அவள் சொன்னது அவளுடைய குடும்பக் கவலை மட்டும் அல்ல என்பது பிறகு எனக்குப் புரிந்தது. 2015-இல் எம்.ஆர்.பி. பரீட்சை நடத்தி 7,243 நர்ஸுகளை எடுத்தது. தொகுப்பூதியம் மாதம் 7,700 ரூபாய். இரண்டு வருஷம் கழித்து நிரந்தரம் என்பது பேச்சு. இரண்டு வருஷமும் கழிந்தது. 2017 நவம்பரில் அவர்கள் ஆயிரக்கணக்கில் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் வந்து உட்கார்ந்தார்கள். விவகாரம் ஹைகோர்ட் வரைக்கும் போயிற்று. காலியிடம் வர வரத்தான் நிரந்தரம் செய்ய முடியும் என்றது அரசு. கொரோனாக் காலத்தில் 2020-இல் அவசரமாக எடுத்த நர்ஸுகளில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் ஒப்பந்தம் 2022 டிசம்பர் 31-ஆம் தேதியோடு முடிந்தது. கஜானாவின் கணக்கு கஜானாவுக்கு. ஆனால், வேர் விடாதே என்று சொல்லி நட்ட செடியிடம் நிழல் எதிர்பார்க்கலாமா?

டாக்டர்களுக்கு வேறொரு ஆசை காட்டினார்கள். பழைய மெடிக்கல் கவுன்சில் விதியின்படி, கடினமான இடங்களில் வேலை பார்த்த அரசு டாக்டருக்கு மேல்படிப்பு நுழைவுத் தேர்வில் வருஷத்துக்கு 10 சதவீதம், அதிகபட்சம் 30 சதவீதம் ஊக்க மதிப்பெண். நல்ல ஏற்பாடுதான், பலர் மலைக்குப் போனார்கள். மூன்று வருஷம் ஆனதும் மேல்படிப்புக்குப் போய்விட்டார்கள். மலை ஒரு படிக்கட்டாக இருந்தது. படிக்கட்டில் யாரும் குடியிருப்பதில்லை.

பின் என்னதான் வழி? அதற்கு வெகு தூரம் போக வேண்டாம். வேலூரிலேயே விடை இருக்கிறது. ஐடா ஸ்கட்டர் அம்மாளின் கதை இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று பேர், பிரசவத்தில் தவிக்கும் மனைவிக்காக அந்தப் பெண்ணிடம் வந்து நின்றார்கள். அவர் அப்போது டாக்டர் அல்ல. டாக்டரான தகப்பனாரை அனுப்பத் தயாராக இருந்தார். ஆண் டாக்டர் வேண்டாம் என்று போய்விட்டார்கள். விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்தார்கள். அவர் அமெரிக்கா போய் டாக்டருக்குப் படித்து, 1900-இல் வேலூரில் ஒற்றைப் படுக்கையோடு வைத்தியம் தொடங்கினார். இது பலருக்கும் தெரிந்த பாதி. மற்றப் பாதிதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஒருத்தியாகத் தன்னால் ஆகாது என்று கண்டதும் அவர் வெளியிலிருந்து ஆள் வருவிப்பதோடு நிற்கவில்லை. 1909-இல் நர்ஸுகளுக்கும், 1918-இல் பெண் டாக்டர்களுக்கும் இங்கேயே பள்ளிக்கூடம் வைத்தார். இங்கே பிறந்தவள்தான் இங்கே இருப்பாள் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

உலக சுகாதார நிறுவனம் 2010-இல் பல நாடுகளின் அனுபவத்தை அலசிவிட்டு இதையேதான் சொல்லிற்று: கிராமத்தில் ஆள் தங்க வேண்டுமானால், கிராமத்தில் பிறந்த பிள்ளைகளைப் படிக்க வை. 2020-இல் தமிழ்நாடு அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீதம் ஒதுக்கிச் சட்டம் செய்ததை நான் இந்தக் கண்ணோடுதான் பார்க்கிறேன். அது சலுகை என்று பேசுகிறவர்கள் உண்டு. மலைக்கு அது விதை நெல்.

ஒரு வெள்ளிக்கிழமை நண்பரோடு ஒடுகத்தூர்ச் சந்தையில் நின்றுகொண்டிருந்தேன். ஆடுகளின் சத்தத்துக்கு நடுவே, தோளில் பையோடு கிராம சுகாதார நர்ஸ் ஒருவர் போய்க்கொண்டிருந்தார். குட்டியைக் கயிற்றில் பிடித்து நின்ற ஒரு மலைப் பெண்ணைப் பார்த்ததும் சட்டென்று நின்றார்.

"ஏம்மா, சத்து மாத்திரை முழுங்கறியா, இல்லே கோழிக்குப் போடறியா?"

"முழுங்கறேன் அக்கா."

"தேதிக்குப் பத்து நாள் முன்னாடியே கீழே வந்துடணும். ஆஸ்பத்திரியிலே தங்க ரூம் இருக்கு, சோறு போடறாங்க. உங்க மாமியாகிட்டே நானே சொல்றேன். ஆடு போற விலைக்குப் போவட்டும், நீ வெயில்லே நிக்காதே."

அந்தப் பெண் வெட்கத்தோடு தலையை ஆட்டினாள். அவளுடைய பிக்மி நம்பர் முதல் மாமியாரின் கோபம் வரைக்கும் அந்த நர்ஸுக்குத் தெரிந்திருந்தது. விசாரித்தபோது, அடிவாரத்துக் கிராமம் ஒன்றில் பிறந்து, பல வருஷமாக அதே ஊர்களைச் சுற்றி வருகிறவர் என்று சொன்னார்கள்.

நண்பர் வெகு நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "முப்பது வருஷம் சர்வீஸ் ரிஜிஸ்தர் எழுதினேன். சேர்ந்த தேதி, இன்கிரிமென்ட், லீவு, தண்டனை எல்லாவற்றுக்கும் அதில் கட்டம் உண்டு. எத்தனை பேரைப் பெயர் சொல்லிக் கூப்பிடத் தெரியும் என்பதற்குக் கட்டம் கிடையாது" என்றார்.

அப்படி ஒரு கட்டம் போட முடியாது என்பது எனக்கும் தெரியும். ஆனால் அதற்கு நெருங்கிய ஒன்றைப் போடலாம். 'இத்தனை ஆயிரம் பேர் நியமனம்' என்று பத்திரிகையில் கொட்டை எழுத்தில் செய்தி வரும்போது, அதன் கீழே இன்னொரு வரியும் வரவேண்டும்: போன தடவை மலைக்கு அனுப்பியவர்களில் எத்தனை பேர், மூன்று வருஷம் கழித்தும் அதே இடத்தில் இருக்கிறார்கள் என்று. காலியிடம் நிரம்பிற்றா என்பதற்கு அதுதான் கணக்கு. அந்த வரியை இன்று யாரும் அச்சடிப்பதில்லை. கேட்கிறவர்கள் நாலு பேர் இருந்தால் அச்சடிப்பார்கள்.