பெயர் தெரியாத காளான் குழம்புக்கு வேண்டாம்

ஐப்பசியில் இரண்டு நாள் அடைமழை பெய்தால் போதும், வத்தலக்குண்டுப் பக்கம் தென்னந்தோப்பிலும் வரப்போரத்திலும் காளான் தலைகாட்டிவிடும். 'தோப்பில் முளைத்ததைச் சாப்பிடலாமா?' என்ற கேள்வியும் கூடவே வரும். சின்னக் கொட்டகை போட்டுப் பால்காளான் வளர்க்கிறவன் என்பதால், ஊரில் என்னிடமும் கொண்டுவந்து காட்டுவார்கள்.

சில வருஷம் முன்பு, பக்கத்துத் தோப்பில் வேலை பார்க்கும் அண்ணன் காளான் குழம்பு சாப்பிட்ட அரை மணி நேரத்தில் சுருண்டுவிட்டார். சட்டை நனைகிற வியர்வை, வாயில் நிற்காத எச்சில், கண்ணில் நீர், வாந்தி, வயிற்றுப்போக்கு. காலையில் மருந்தடித்தவர் என்பதால் பூச்சிமருந்து ஏறிவிட்டது என்றே வீட்டார் நினைத்தார்கள். மருத்துவமனையில் அட்ரோபின் ஊசி போட்டுக் காப்பாற்றினார்கள். ஆனால் பயத்தில் அண்ணி மிச்சக் குழம்பையும் கழிவையும் குப்பைக்குழியில் கொட்டிவிட்டதால், அது என்ன காளான் என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது.

அதற்குப் பிறகுதான் இதைப் பற்றித் தேடிப் படித்தேன். நஞ்சுக் காளான் சிலவற்றில் 'மஸ்கரின்' என்ற பொருள் இருக்கிறது. அது காட்டும் அறிகுறிகள், ஆர்கனோபாஸ்பரஸ் பூச்சிமருந்து காட்டுவதைப் போலவே இருக்கும். இரண்டுக்கும் மாற்று மருந்து அட்ரோபின்தான். சமைப்பதால் மஸ்கரின் அழியாது.

நம் பக்கத்து மாநிலத்திலேயே அப்படி ஒரு காளானைப் புது இனமாகப் பதிவு செய்திருக்கிறார்கள். திருவனந்தபுரம் பாலோட்டில் உள்ள வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா ஆய்வு நிறுவனத்தின் விருந்தா, பிரதீப், ஜோசப், ஆபிரகாம் ஆகியோர் 1996ல் 'இனோசைபி வைரோசா' என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். வைரோசா என்றால் லத்தீனில் நஞ்சுள்ளது. 2016ல் மறுபடி விவரித்து அந்தப் பெயரை முறைப்படி உறுதி செய்தார்கள்.

புது இனம் என்று சொல்வது லேசான வேலை இல்லை. குடையின் அளவு, நிறம், அடியிலுள்ள மடிப்பு, காம்பு எல்லாவற்றையும் குறித்து, ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கான மைக்ரானில் வித்துத்தூளை அளக்க வேண்டும். உலர்த்திய மாதிரியை ஓர் உலர்தாவரக் காப்பகத்தில் வைக்க வேண்டும். நாளைக்கு யாருக்குச் சந்தேகம் வந்தாலும் அந்த மாதிரியோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். நம் அண்ணன் விஷயத்தில் இல்லாமல் போனது இந்த ஒன்றுதான்.

பூண்டு கறுத்தால் விஷம், வெள்ளிக்காசு கறுத்தால் விஷம், புழு அரித்தது நல்லது என்றெல்லாம் நம்மிடம் சோதனைகள் உண்டு. எதுவும் நம்பத்தக்கதல்ல. புற்றுக்காளானின் காம்பு வேர் மாதிரி நீண்டு புற்றுக்குள் இறங்கும். அதை முழுசாகத் தோண்டிப் பார்க்காமல் மேலே ஒடித்து வந்தால் அடையாளமே போய்விடும். மேய்ச்சல் புல்வெளியில் பெரிய வெள்ளைக் குடையாக நிற்கிற ஒன்று, முற்றினால் பச்சை நிறத் தூள் உதிர்க்கும். அதுவும் வயிற்றைப் புரட்டி எடுக்கும் நஞ்சுதான்.

எல்லாவற்றையும்விடக் கொடியது தாமதமாக வேலை காட்டுவது. அமானிட்டா வகையில் சிலவற்றைச் சாப்பிட்டு ஆறு மணி நேரத்துக்குப் பிறகுதான் வாந்தியே வரும். ஒரு நாளில் குணமானது போலத் தோன்றி, பிறகு கல்லீரலைக் கெடுக்கும். வாந்தி நின்றுவிட்டது என்று வீட்டிலேயே இருந்துவிடக் கூடாது.

யாருக்காவது ஒத்துக்கொள்ளவில்லை என்றால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். எத்தனை மணிக்குச் சாப்பிட்டார், எத்தனை மணிக்கு ஆரம்பித்தது என்று சொல்லுங்கள். மிஞ்சிய காளானைக் காகிதத்தில் சுற்றிக் கையோடு கொண்டுபோங்கள், பிளாஸ்டிக் பையில் அழுகிவிடும். முளைத்த இடத்தில் இன்னொன்று நின்றால் அடிக்காம்போடு தோண்டி எடுத்து வாருங்கள்.

காளான் ஆசைக்குக் கால் கிலோ பால்காளான் வாங்கிக்கொள்ளலாம். தோப்பில் முளைத்தது தோப்பிலேயே இருக்கட்டும், மக்கைத் தின்று மண்ணுக்கு உரம் தரும்.