பதினஞ்சு பேரு வேணும்

கரும்பலகையில் 20 என்று எழுதி வட்டம் போட்டார் பெரிய டீச்சர். அதற்குக் கீழே 15.

"மொத்தம் இருவது பேரு. அதுல பதினஞ்சு பேரு நீங்க, புள்ளைங்களப் பெத்தவங்க. மிச்சம் அஞ்சுலதான் நாங்க, வார்டு மெம்பருங்க, மத்தவங்க எல்லாம்."

யாரும் வாய் திறக்கவில்லை. செங்கம் பக்கத்து ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி அது. 2022 ஏப்ரல், ஒரு சனிக்கிழமை. பத்தரை மணிக்கே ஓட்டுக்குக் கீழே அனல் இறங்கிவிட்டது. வந்திருந்தவர்களில் பெண்கள்தான் மிகுதி. செயல்வழிக் கற்றல் வந்த காலத்தில் பிள்ளைகளின் உயரத்துக்குச் சுவரோரமாக அமைத்த கரும்பலகைகள் இன்னும் அப்படியே இருந்தன. அதில் சாய்ந்து உட்கார்ந்த அம்மாக்களின் முதுகில் முந்தின நாள் கணக்குகள் ஒட்டிக்கொண்டன. டீச்சருக்கு ஒரு செம்பு தண்ணீர் கொடுக்க எழுந்த மஞ்சள் சேலையின் முதுகில், திரும்பிப்போன ஒரு 7 இருந்தது. அதன் பக்கத்தில் பாதி அழிந்த கூட்டல் குறி.

அந்த மாதம் தமிழ்நாட்டின் அரசுப் பள்ளிகளெங்கும் பள்ளி மேலாண்மைக் குழுவைத் திரும்பக் கட்டும் வேலை தொடங்கியிருந்தது. 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 21-வது பிரிவு சொன்ன குழு. முக்கால்வாசி உறுப்பினர்கள் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள், நலிந்த பிரிவினருக்கு அவர்கள் பிள்ளைகளின் எண்ணிக்கைக்கு ஏற்ற இடம். பல ஆண்டுகளாகப் பதிவேட்டில் மட்டும் உயிர்வாழ்ந்த குழு என்பது ஊரறிந்த சங்கதி. கேட்டால் காட்ட ஒரு நோட்டு, நோட்டில் கையெழுத்துகள், கையெழுத்துப் போட்டவருக்கே தெரியாத பதவி. இந்த முறை "நம் பள்ளி நம் பெருமை" என்று வாசலில் பிளக்ஸ் கட்டியிருந்தது. மார்ச் 20-ம் தேதி ஒரு முறை எல்லாரையும் கூப்பிட்டுக் குழு என்றால் என்ன என்று விளக்கியும் இருந்தார்கள்.

விளக்கம் புரியாமல் இல்லை. கணக்குதான் இடித்தது. பள்ளியில் 41 பிள்ளைகள். அண்ணன் தங்கை, சித்தப்பா பிள்ளை பெரியப்பா பிள்ளை என்று கழித்துப் பார்த்தால் 29 வீடுகள். 29 வீட்டில் 15 பேர் வேண்டும். இரண்டு வீட்டுக்கு ஒரு உறுப்பினர். போட்டிக்கு ஆள் எங்கிருந்து வரும்? ஆயிரம் பிள்ளைகள் படிக்கும் மேல்நிலைப் பள்ளிக்கும் இதே பதினைந்துதான். அங்கே வேட்பாளர் வரிசை நிற்கலாம். இங்கே டீச்சர் வீடு வீடாகப் போய்ப் பத்திரிகை வைக்காத குறை.

"எனக்கு வேணாம் டீச்சர். எழுதப் படிக்கத் தெரியாது."

"எங்க வூட்டுக்காரரு பெங்களூர்ல இருக்காரு. அவரக் கேக்காம நான் எதுலயும் பேரு குடுக்க மாட்டேன்."

"எம்பொண்ணு அஞ்சாவது டீச்சர், ஜூன் மாசம் பெரிய ஸ்கூலுக்குப் போயிடுவா. என்னை எழுதி என்னாத்துக்கு?"

மூன்றாவது சொன்னது நியாயம். சட்டப்படியும் அவர் வெளியே. முதல் இரண்டுக்கும் டீச்சரிடம் பதில் இருந்தது. கையெழுத்துப் போதும், பெங்களூருக்குப் போனில் கேட்டுக்கொள்ளலாம். ஆனால் சுவரோரம் உட்கார்ந்திருந்த ஒரு வயதான பெண் கேட்டதற்குத்தான் பதில் இல்லை. பேரனைக் கூட்டிக்கொண்டு வந்தவர். பேரனுக்கு அவர்தான் காப்பாளர்.

"மாசா மாசம் மீட்டிங்னு சொல்ற. நூறு நாள் வேல வுட்டுட்டு வந்தா எனக்குக் கூலி யாரு குடுப்பா?"

அந்த ஆண்டு தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு அறிவித்த தினக்கூலி 281 ரூபாய். அளவெடுத்துக் கைக்கு வரும்போது அது இன்னும் இளைத்திருக்கும். குழு உறுப்பினருக்குச் சம்பளமும் இல்லை, படியும் இல்லை. பெற்றோருக்கு அக்கறை இல்லை, குழுவுக்கு ஆளே வருவதில்லை என்று அறிக்கை எழுதுபவர்கள் இந்த 281 ரூபாயைக் கணக்கில் சேர்ப்பதில்லை. அவர்களுடைய கூட்டங்கள் சம்பள நேரத்தில் நடக்கின்றன.

டீ வந்தது. தட்டில் பொறையும் மிக்சரும். டீச்சர் ஒவ்வொரு பெயராக நோட்டில் ஏற்றிக்கொண்டிருந்தார். எட்டு, ஒன்பது, பத்து. பத்தோடு நின்றுபோனது.

சன்னலுக்கு வெளியே வேப்பமரத்தடியில் வெள்ளை வேட்டிக்காரர் ஒருவர் வண்டியைச் சாய்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்திருந்தார். ஊர்த்தெருவில் பெரிய வீட்டுக்காரர். முன்பு பெற்றோர் ஆசிரியர் கழகத்தில் பொறுப்பில் இருந்தவர். அவர் வீட்டுப் பேரப்பிள்ளைகளைக் காலையில் மஞ்சள் வேன் ஏற்றிக்கொண்டு போகிறது. ஊர்த்தெருவின் பாதிப் பிள்ளைகள் அந்த வேனில்தான். இந்தப் பள்ளியில் இருப்பவர்கள் பெரும்பாலும் காலனிப் பிள்ளைகள். ஆகையால் இந்தத் தேர்தலில் அவர் ஓட்டாளரும் இல்லை, வேட்பாளரும் இல்லை. அறைக்குள் வரவேண்டிய அவசியமும் அவருக்கு இல்லை. வார்டு உறுப்பினர் இரண்டு முறை வெளியே போய் அவரிடம் பேசிவிட்டு வந்தார். இரண்டாவது முறை வந்ததும், தலைவராக யாரைப் போடலாம் என்று ஒரு பெயரைச் சொன்னார். தலைவர் பதவிக்குப் பெண்தான், அதுவும் ஒரு தாய்தான் என்பது அந்த ஆண்டு ஏற்பாடு. பெயர் சொல்லப்பட்ட பெண் தலையைக் குனிந்துகொண்டார். அவர் வீட்டுக்காரர் பெரிய வீட்டு நிலத்தில் குத்தகைக்குப் பயிர் வைப்பவர்.

"எல்லாருக்கும் சம்மதந்தானே?" என்றார் வார்டு உறுப்பினர்.

பெரும்பாலான பள்ளிகளில் கதை இந்த இடத்தில் முடிந்துவிடும். ஒரு பெயர், ஒரு கைத்தட்டல், ஒரு போட்டோ. போட்டி நடக்காமல் இல்லை. அது மரத்தடியிலும் டீக்கடையிலும் முந்தின இரவே நடந்து முடிந்திருக்கும்.

இங்கே முடியவில்லை. மஞ்சள் சேலை பேசியதுதான் காரணம். அவர் தலைவர் பதவியைப் பற்றியே பேசவில்லை.

"கக்கூசுல கொழா இருக்குது, தண்ணி இல்ல. பொம்பளப் புள்ளைங்க வூட்டுக்கு ஓடியாருதுங்க. எங்க வூடு பக்கம், என் பொண்ணு வந்துடுது. தூரத்துப் புள்ளைங்க இன்னா பண்ணும்? அத எப்ப டீச்சர் பேசுவீங்க?"

"அதப் பேசத்தாம்மா இந்தக் கமிட்டி."

"அப்ப நீயே நில்லேன்" என்றது ஒரு குரல், பின்னாலிருந்து. இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். மஞ்சள் சேலை திரும்பிப் பார்த்தார். மல்லாட்டை பிடுங்கும் வேலையைக் காலையில் பாதியில் விட்டுவிட்டு வந்தவர். விரல் நகங்களில் செம்மண் போகவில்லை. "நிக்கிறேன், இன்னா இப்ப" என்றார். தண்ணீருக்காக ஒருவர் துணிந்ததும் மீதி ஐந்து இடங்களும் கால் மணி நேரத்தில் நிரம்பின. நூறு நாள் வேலைக்காரப் பாட்டியும் பெயர் கொடுத்தார்.

தலைவர் யார் என்பதற்குப் பட்டியலில் ஏறிய பதினைந்து பேரையும் கை தூக்கச் சொன்னார்கள். முதல் பெயருக்கு ஏழு கைகள். தூக்குவதற்கு முன்னால் அநேகமாக எல்லாக் கண்களும் ஒரு தரம் சன்னலுக்குப் போய்வந்தன. மஞ்சள் சேலைக்கு மூன்று கைகள், அதில் ஒன்று அவருடையது. ஐந்து பேர் எதற்கும் கை தூக்கவில்லை. மடியில் குழந்தை, கையில் டீ டம்ளர், ஆளுக்கு ஒரு சாக்கு.

"பதினஞ்சு பேருல அஞ்சு பேரு கணக்குல வரலியே" என்றார் சின்ன டீச்சர். வந்து மூன்று வருடம்கூட ஆகாதவர். "சீட்டு எழுதிப் போட்டுடலாம் மேடம்."

பெரிய டீச்சர் வார்டு உறுப்பினரைப் பார்த்தார், சன்னலைப் பார்க்கவில்லை. பழைய கட்டுரை நோட்டிலிருந்து இரண்டு தாள்கள் கிழிபட்டன. எழுதத் தெரியாதவர்களும் இருந்ததால் ஏற்பாடு எளிமையானது. முதல் ஆளுக்கு ஒரு கோடு, இரண்டாவது ஆளுக்கு இரண்டு கோடு. ஒவ்வொருவராகப் பீரோவுக்குப் பின்னால் போய்க் கிழித்துக்கொண்டு வந்து சாக்பீஸ் டப்பாவில் போட்டார்கள். பாட்டி மட்டும் வெகுநேரம் வரவில்லை. பென்சில் முனை உடைந்துபோயிருந்தது.

ஒரு கோடு ஆறு. இரண்டு கோடு ஒன்பது.

கை தூக்காத ஐந்து பேரும் மஞ்சள் சேலைக்கே போட்டிருந்தாலும் எட்டுத்தான் வரும். ஆக, சன்னலைப் பார்த்துக் கையைத் தூக்கிய ஏழு பேரில் ஒருவராவது பீரோவுக்குப் பின்னால் மனசு மாறியிருக்கிறார். யாரென்று யாரும் தேடவில்லை. தோற்ற பெண்ணின் முகத்தில் எனக்குத் தெரிந்தது நிம்மதிதான். டீச்சர் அவசரமாக எல்லாரையும் பிளக்ஸின் கீழே நிறுத்தினார். செயலியில் ஏற்றப் போட்டோ வேண்டும். மரத்தடியில் வண்டி கிளம்பும் சத்தம் கேட்டது.

அந்தப் பள்ளியின் தேர்தலில் போட்டி சூடுபிடித்தது ஏப்ரலில் இல்லை, ஜூன் கடைசியில். எல்லாப் பதவிகளுக்கும் ஆள் எழுதி முடித்த பிறகு.

பள்ளிகளில் காலியாக இருந்த 13,331 ஆசிரியர் இடங்களுக்குத் தற்காலிகமாக ஆள் எடுத்துக்கொள்ளலாம், எடுப்பது பள்ளி மேலாண்மைக் குழு என்று அரசு அறிவித்தது. இடைநிலை ஆசிரியருக்கு மாதம் 7,500 ரூபாய், பட்டதாரி ஆசிரியருக்கு 10,000, முதுநிலை ஆசிரியருக்கு 12,000. சின்ன டீச்சருக்கு இதற்குள் மாறுதல் கிடைத்திருந்தது. ஒரு இடம் காலி. மல்லாட்டை வேலைக்குப் போய்விட்டு வந்த தலைவர் வீட்டு வாசலில் ஒரு வாரத்தில் எத்தனை வண்டிகள் நின்றன என்பதைப் பெரிய டீச்சர் பின்னால் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். ஆசிரியர் பயிற்சிச் சான்றிதழைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு எடுத்துக்கொண்டு பக்கத்து ஊரிலிருந்தெல்லாம் வந்தார்களாம். வேப்பமரத்து வேட்டிக்காரரும் வந்தாராம். காலனிக்குள் அவர் வண்டி நின்றதை அந்தத் தெரு அதுவரை பார்த்ததில்லை. உள்ளே வரவில்லை, வாசலோடு சரி. மருமகள் ஆசிரியர் பயிற்சி முடித்துவிட்டுச் சும்மா இருக்கிறாள் என்று சொல்லி, "பாத்துச் செய்ங்க தலைவரம்மா" என்றாராம்.

"நீ இன்னாம்மா சொன்ன?" என்று டீச்சர் கேட்டதற்கு, "கக்கூசுத் தண்ணிக்கு மோட்டாரு ஒண்ணு வேணும்னேன். அதப் பத்தி அவரு ஒண்ணும் சொல்லல" என்றாராம் தலைவர்.

அந்த வசந்தம் நீளவில்லை. ஆசிரியர் தகுதித் தேர்வு எழுதித் தேறிவிட்டு வருடக்கணக்கில் காத்திருந்தவர்கள் கொதித்தார்கள். உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இடைக்காலத் தடை விதித்தது. தகுதித் தேர்வில் தேறியவர்களுக்கும் இல்லம் தேடிக் கல்வித் தன்னார்வலர்களுக்கும் முன்னுரிமை என்று விதிகள் திருத்தப்பட்டன. விண்ணப்பத்தை மாவட்டக் கல்வி அலுவலகத்தில் கொடுக்கச் சொன்னார்கள். திருத்தம் நியாயமானதுதான். குத்தகைக்காரர் வீட்டையும் கூலிக்காரர் வீட்டையும் சிபாரிசுக்காரர்களின் கையில் விட்டுவிட முடியாது. ஆனாலும் அந்த ஒரு வாரம் ஒன்றைக் காட்டிவிட்டது. குழுவின் கையில் எதையாவது கொடுக்கும் அதிகாரம் வந்த நாளில் ஊர் அதைத் தேடி வந்தது. அதிகாரம் மேலே போன மறுநாள் காலனித் தெருவில் வண்டிகள் இல்லை.

அதிகாரம் வந்ததும் ஆள் திரள்வது சிகாகோ நகரத்தில் பெரிய அளவில் நடந்திருக்கிறது. 1988-ல் இயற்றிய சட்டத்தின்படி அங்கே ஒவ்வொரு பொதுப்பள்ளிக்கும் பெற்றோர் பெரும்பான்மையாக உள்ள மன்றம் ஒன்றை 1989-ல் தேர்ந்தெடுத்தார்கள். பள்ளி முதல்வரை அமர்த்துவதும் தொடரவிடாமல் அனுப்புவதும் அந்த மன்றத்தின் கையில். முதல் தேர்தலில் ஐயாயிரத்துச் சொச்சம் இடங்களுக்குப் பதினேழாயிரம் பேருக்கு மேல் நின்றார்கள். அடுத்தடுத்த தேர்தல்களில் அந்தக் கூட்டம் வெகுவாகக் கரைந்தது. முதல்வரை மாற்றும் அதிகாரம் கையில் இருந்தும்! தொடர்ந்து நிற்க அதிகாரம் மட்டும் போதவில்லை, மாலை நேரமும் வேண்டியிருந்தது. அங்கேயும் பெற்றோருக்கு ஊதியம் கிடையாது.

இங்கே கூட்டம் மாதத்துக்கு ஒரு வெள்ளிக்கிழமை, பிற்பகல் மூன்று மணிக்கு. ஆள் குறைந்தால் பாட்டி நூறு நாள் வேலைத் தளத்திலிருந்தே நாலு பேரைக் கிளப்பிக்கொண்டு வருவார். மண் சட்டியை வாசலில் கவிழ்த்துவிட்டு உள்ளே வருவார்கள். தலைவர் கையெழுத்துப் போடும் முன் தீர்மானத்தை உரக்கப் படிக்கச் சொல்வாராம். படித்ததில் மோட்டார் வரவில்லையென்றால் பேனாவை மூடிவிடுவார். மூன்று மாதத் தீர்மானங்களில் முதல் வரி அதுதான். நாலாவது மாதம் ஊராட்சிக் குழாயிலிருந்து ஒரு கிளை இழுத்துக் கொடுத்தார்கள். மோட்டார் வரவில்லை, தண்ணீர் வந்தது.

2024 ஆகஸ்டில் திரும்பவும் குழுவைக் கட்டினார்கள். உறுப்பினர் எண்ணிக்கையை 24 ஆக்கி, முன்னாள் மாணவர்களுக்கும் இடம் கொடுத்திருந்தார்கள். பிள்ளைகளின் எண்ணிக்கை இதற்குள் நாற்பதுக்குக் கீழே இறங்கியிருந்தது. பெரிய டீச்சர் கரும்பலகைப் பக்கம் போகவே இல்லை. நோட்டில் பெயர்களைப் பாதி எழுதிக்கொண்டுதான் கூட்டத்தைத் தொடங்கினார். தலைவர் என்ற இடத்தில் பழைய பெயரையே எழுதிவிட்டு நிமிர்ந்தார். அவர் மகள் ஐந்தாம் வகுப்பில் இருந்தாள், இன்னும் தகுதி உண்டு.

"உன்னையே போட்டுட்டேம்மா. எதுத்து யாரும் நிக்கல."

"யாராச்சும் நிக்கட்டும் டீச்சர், நானும் நிக்கிறேன்" என்றார் அவர். "சும்மா எழுதிக்கறதுன்னா என் பேர அடிச்சிடுங்க."